விசா தந்தவர் மகனுக்கு ஒரு டிக்கெட்

என் டிக்கெட்டை என் புருஷன் இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார் என்பது என் நாத்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவும் எப்படி? முட்டை நிறைத்த கோழி எனக்குப் பிடிக்குமா, மீன் பிரியாணி பிடிக்குமா என்று கேட்கத் தோஹாவிலிருந்து போன் செய்தவள், போகிற போக்கில் சொன்னாள்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உச்சி வரைக்கும் ஏறுகிறது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கோபத்தில் முன்னே பின்னே உளறிவிடுவேன்.

எங்கள் ஆற்றோர ஊரான அரீக்கோட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு தையல் கடை. மற்ற வருஷங்களில் சுடிதார், பர்தா, பள்ளிக்கூட யூனிஃபார்ம். உலகக் கோப்பை வருகிற வருஷத்தில் கொடியும் ஜெர்சியும் தவிர வேறு எதுவும் கிடையாது. பிரேசில்காரப் பையன்கள் வந்து பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கொடி வேண்டும் என்பார்கள். மறுநாளே அர்ஜென்டினாக்காரர்கள் வந்து நிற்பார்கள். "அவங்களுக்கு எவ்வளவு நீளம் தச்சீங்க இத்தா? எங்களுக்கு அதைவிட ஒரு முழம் கூட வெச்சுத் தைங்க." இரண்டு கட்சிக்கும் தைத்துக் கொடுப்பேன். தையல்காரிக்குக் கட்சி கிடையாது.

ஆனால் சாஜிதாவுக்கு உண்டு. நான் ஜெர்மனி. சின்ன வயதில் எங்கள் சந்தில் பிள்ளைகள் கட்சி பிரித்தபோது பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஆள் நிறைந்துவிட்டது. பாத்திரம் கழுவிவிட்டுக் கடைசியாக ஓடிப்போன எனக்கு ஜெர்மனிதான் மிச்சம் இருந்தது. மிச்சமாகக் கிடைத்ததை நான் விடவில்லை. கல்யாணம் வந்தது, பிரசவம் வந்தது, மாமியார் வீடு வந்தது, அப்போதும் விடவில்லை. கடையில் என்னோடு வேலை செய்கிற சிந்து அர்ஜென்டினா. போன உலகக் கோப்பையில் ஜெர்மனி முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியபோது கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தாள் அந்தச் சண்டாளி. ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை.

இந்த முறை கத்தாரில் என்றதும் எங்கள் பக்கத்தில் பைத்தியம் பிடிக்காதவர்களே இல்லை. எனக்குப் பிடித்தது வேறு பைத்தியம். என் புருஷன் ஷௌக்கத் பதினாறு வருஷம் அந்தத் தோஹாவில்தான் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் லீவில் வருவார், பெட்டியைப் பிரிப்பார், மறுபடி கட்டுவார், போய்விடுவார். ஒவ்வொரு தரமும் நான் கேட்பேன்.

"ஒரு விசிட் விசா எடுத்து என்னைக் கூட்டிட்டுப் போனா என்ன இக்கா? ஒரே ஒரு மாசம்."

"ரூம்ல எட்டுப் பேரு படுத்திருக்கோம். உன்னை எங்க வெப்பேன்? அலமாரிக்கு மேலயா?"

"ஒரு மாசத்துக்கு வேற ரூம் கிடைக்காதா?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்."

அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. அவர்தான் ஊர் திரும்பி வந்து, இப்போது அண்ணனோடு சேர்ந்து சிமெண்ட் கல் களம் நடத்துகிறார். தோஹாவில் நான் பார்த்தது ஒன்றே ஒன்று. வீடியோ காலில் அவர் முகத்துக்குப் பின்னால் தெரிகிற நீலப்பூ போட்ட திரை. பங்க் கட்டிலைச் சுற்றிக் கட்டிய திரை. என் புருஷனை வைத்திருந்த ஊர் எனக்கு அந்தத் துணிதான். மகள் பிறந்ததை அந்தத் துணிக்குச் சொன்னேன். என் வாப்பா மௌத்தானதை அந்தத் துணிக்குச் சொன்னேன்.

டிக்கெட் குலுக்கலுக்கு ஊரே போனும் கையுமாக உட்கார்ந்தபோது நானும் கேட்டு வைத்தேன். ஜெர்மனியும் ஸ்பெயினும் மோதுகிற ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட். ஷௌக்கத் சிரித்தார். "உலகமே கேக்குது, உனக்கா விழப் போவுது? கேளு கேளு, கூட எம்பேரையும் சேத்துக்க" என்றார். விழுந்தது! சிந்து கடையிலேயே குரவையிட்டுவிட்டாள். "அழறதுக்காக ஒரு ஆளு விமானம் ஏறிப் போறது இதான் முதல் தடவை" என்று சொல்லிவிட்டுத்தான் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

அன்றிலிருந்து சண்டை ஆரம்பம்.

எனக்கு வேண்டியிருந்தது அதிகமில்லை. சாயங்காலத்தில் கடலோரச் சாலையில் நடக்க வேண்டும். மெட்ரோவில் ஏறி ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போக வேண்டும். அப்புறம் அல்கோரில் கூடாரம் மாதிரிக் கட்டியிருக்கிற அந்த மைதானத்தில், என் இடத்தில் உட்கார்ந்து, தொண்டை கிழிய ஜெர்மனி ஜெர்மனி என்று கத்த வேண்டும். எங்கள் ஊரில் திடலில் ஆட்டம் நடந்தால் பெண்கள் மாடிப்படி ஜன்னலிலிருந்து பார்ப்போம். கத்த மாட்டோம். நாற்பத்திரண்டு வயதில் ஒரு தரம் கத்திப் பார்க்கலாம் என்று இருந்தேன்.

எந்த ரயில், எங்கே இறங்கிப் பஸ் பிடிப்பது என்று கேட்டேன். பதினாறு வருஷம் இருந்த மனிதர் தலையைச் சொறிந்தார்.

"மெட்ரோவெல்லாம் நான் கிளம்புற நேரத்துல வந்தது. நான் ஏறினதில்ல."

"கடலோரத்துல எந்தப் பக்கம் நடந்தா நல்லா இருக்கும்?"

"ஒரு பெருநாளைக்குப் போனோம். நல்லா ஞாபகமில்ல. சரி, அத விடு, இதக் கேளு. முதல் நாளு எங்க ரம்லாத்தா வீடு. ரெண்டாம் நாளு மத்தியானம் வக்ராவுல சின்ன சித்தப்பா மகன் வீடு, ராத்திரி மம்பாட்டு ஹம்சா. மூணாம் நாளு நம்ம அடுத்த வீட்டு நஸீமாவோட மருமகன். அவனைப் பாக்கலேன்னா நஸீமா ஜென்மத்துக்கும் பேச மாட்டா."

"ஊர் பாக்கறது எப்ப?"

"இதெல்லாம் ஊர் இல்லையா பின்ன? கத்தார் வரைக்கும் வந்துட்டு வீட்டுப்படி ஏறலேன்னு நாலு பேரு சொல்ல மாட்டாங்களா?"

எங்கள் ஆட்களுக்கு வளைகுடா என்றால் இதுதான். கடல் தாண்டிப் போய் அரீக்கோட்டையே பார்த்துவிட்டு வருவது. சாயங்காலம் கடலோரம் நடந்தால் அது வீண்பொழுது. நஸீமாவின் மருமகன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அரீக்கோட்டில் மழை எப்படி என்று அவன் கேட்டு நாம் சொன்னால் அது பயணம்!

அது போதாதென்று பெட்டி. என் மாமியார், அவரை உம்மா என்றுதான் கூப்பிடுவேன், ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். ஆளாளுக்கு ஒரு பொட்டலத்தோடு வந்து நின்றார்கள். உலர்த்திய இறைச்சி, பலாச்சுளை வறுவல், மூட்டுவலித் தைலம், யாருடைய மகனுக்கோ மூக்குக்கண்ணாடி, யாருடைய மகளுக்கோ கல்யாண ஆல்பம். ஆல்பம் மட்டுமே ஒரு கைக்குழந்தை எடை. ஐந்து நாள் பயணத்துக்கு மூன்று அட்டைப்பெட்டி, நைலான் கயிறு போட்டுக் கட்டி, நாலு பக்கமும் பேர் எழுதி, நடு ஹாலில் கிடந்தது.

"நான் ஆட்டம் பாக்கப் போறேனா, மளிகைக் கடை வெக்கப் போறேனா?" என்று கேட்டேன்.

"வெறுங்கையோட போறதா மோளே? அவங்க என்ன நெனப்பாங்க?" என்றார் உம்மா.

சரி, ஒழியட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். விருந்துகளுக்கும் தலையாட்டினேன். ஒன்றே ஒன்று சொன்னேன், ஷௌக்கத்தின் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை மட்டும் என்னோடது. ஆட்டம் இருக்கிற நாளு. அன்னைக்கு எந்த வீட்டு வாசலையும் நான் மிதிக்க மாட்டேன்."

"யாரு வேணாம்னா? ஞாயித்துக்கிழமை உன்னோடதுதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் எனக்கென்று ஒரு ஜெர்சி தைத்துக்கொண்டேன். வெள்ளைத் துணி, முழங்கால் வரை நீளம், முழுக் கை, நெஞ்சில் கறுப்புப் பட்டை. தலையில் போடுகிற தட்டத்துக்குக் கறுப்பு, சிவப்பு, பொன்னிறம் என்று மூன்று வரிசையில் கரை வைத்தேன். ஊருக்கெல்லாம் தைத்த கை, தனக்கென்று தைத்தபோது ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது.

அப்புறம்தான் ரம்லா இத்தாவின் போன். ஷௌக்கத்தின் அக்கா. நல்லவள்தான், வாய்தான் நிற்காது.

"சாஜி, ஞாயித்துக்கிழமை உனக்கு நெறச்ச கோழி பண்ணவா, மீன் பிரியாணி பண்ணவா? என் கூட்டாளிங்க நாலஞ்சு பேரையும் வரச் சொல்லியிருக்கேன். ஆம்பளைங்க இல்லாம நாம ஜாலியா உக்காந்து பேசலாம்."

"ஞாயித்துக்கிழமையா? அன்னைக்கு ஆட்டம் இத்தா. நான் மைதானத்துல இருப்பேன்."

ரம்லா இத்தா பக்கத்தில் ஓடிய டிவியை அணைப்பது கேட்டது.

"ஷௌக்கத்து உங்கிட்ட சொல்லலையா? உன் டிக்கெட்ட நௌஃபலுக்குக் கொடுக்கறதா வாக்குக் கொடுத்துட்டானே. போன வாரமே. அவங்க ரெண்டு பேரும் ஆட்டத்துக்குப் போறாங்க, நீ இங்க எங்கூட இருக்கேன்னுதானே சொன்னான்?"

போனை வைத்தேனா, அவள் வைத்தாளா, தெரியாது. கடையை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தேன். பின்னால் சிந்து கத்தினாள்.

"இத்தா! கத்தரிக்கோல வெச்சுட்டுப் போங்க!"

பார்த்தால் கையில் பெரிய கத்தரிக்கோல். வைக்கவில்லை. அதோடேயே போனேன்.

கல் களம் ஆற்றோரத்தில். மத்தியான வெயிலில் ஷௌக்கத் கொட்டகையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். வங்காளத்துப் பையன்கள் மூன்று பேர் கலவை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வருகிற வேகத்தைப் பார்த்ததும் மண்வெட்டியை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பாஷை அவர்களுக்கு அரைகுறைதான். கத்தரிக்கோலோடு வருகிற பெண்டாட்டியைப் புரிந்துகொள்ள பாஷை எதற்கு?

"எந்த டிக்கெட்ட யாருக்குக் கொடுத்தீங்க?"

அவர் சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார். "எடீ, மெல்லப் பேசு. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"இங்க சொல்லுங்க. யாரக் கேட்டுக் கொடுத்தீங்க?"

"குஞ்ஞாப்பு ஹாஜியோட மகன் சாஜி. நௌஃபல். தோஹாவுலயே இருந்தும் அவனுக்கு டிக்கெட் கிடைக்கல. அவனே போன் பண்ணிக் கேட்டான். எப்படி மாட்டேங்கிறது? எனக்கு விசா தந்தது யாரு? அவன் வாப்பா. அந்த விசா இல்லேன்னா இந்த வீடு உண்டா, இந்தக் களம் உண்டா?"

விசா தந்தவர். எங்கள் நாட்டில் அதற்கு மேலே பேச்சில்லை. பெற்றவர்கள், அதற்கப்புறம் விசா தந்தவர். அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாற வேண்டும். அவர் வீட்டு மௌத்துக்கு முதல் ஆளாகப் போக வேண்டும். அவர் மகன் இருமினால் நம் வீட்டில் கஷாயம் வைக்க வேண்டும். இத்தனைக்கும் ஹாஜியார் மௌத்தாகி ஆறு வருஷம். கடன் மட்டும் உயிரோடு இருக்கிறது.

"விசா தந்தார், சரி. யாருக்குத் தந்தார்? உங்களுக்குத் தந்தார். எனக்கா தந்தார்? பதினாறு வருஷத்துல எனக்கு ஒரு மாச விசாவுக்கு வழி பண்ணாத ஆளு நீங்க. இப்ப நானா எடுத்த டிக்கெட்ட எடுத்துக் கொடுத்து உங்க கடன அடைப்பீங்களா?"

"அவன் எனக்குக் கூடப்பொறந்த தம்பி மாதிரி. வேத்து ஆளா?"

"தம்பிக்கு உங்க சட்டையக் கழட்டிக் கொடுங்க. என் தட்டத்தை ஏன் உருவுறீங்க?"

ஒரு பையன் சிரித்துவிட்டான். ஷௌக்கத் அவனை முறைத்தார். அப்புறம் என்னிடம் குரலைத் தாழ்த்தி, சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒன்று சொன்னார். அதை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு விட்டிருப்பேன்.

"உனக்கு ஆட்டம்தானே பாக்கணும்? ரம்லாத்தா வீட்டுல சுவரு நிறைய டிவி இருக்கு. மைதானத்துல எறும்பு மாதிரித்தான் தெரியும். டிவில மூக்கு முழியெல்லாம் தெரியும்."

"டிவில பாக்கறதுக்கு நான் ஏன் விமானம் ஏறணும்? அரீக்கோட்டுல கரண்ட் இல்லையா?"

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று தாராளமாக அள்ளிவிடுகிறவர்களைச் சொல்வார்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையது, கையும் பெண்டாட்டியுடையது. வள்ளல் பட்டம் மட்டும் அவருக்கு! கத்தரிக்கோலை அவர் மேஜையில் ஓங்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போய், அளவு பார்க்கிற மறைப்புக்குள் நின்று அழுதேன். அவமானமாக இருந்தது. ஒரு விளையாட்டுக்கா இந்த வயதில் இப்படி அழுவார்கள் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். விளையாட்டுக்கு இல்லை என்று எனக்கே தெரியும். நாற்காலி ஒன்றில் என் பேர் விழுந்திருந்தது. அந்த நாற்காலியிலிருந்து என்னைக் கூசாமல் எழுப்பிவிட்டார். எழுப்பிவிட்டதைச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

சிந்து திரைக்கு வெளியே வந்து நின்றாள். "இத்தா, கருமம், ஜெர்மனி எப்படியும் தோக்கும். அழாதீங்க."

"போடி!" என்றேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அவள் சொன்னதுதான்.

வீட்டில் பேச்சை நிறுத்தினேன். சோறு வைத்தேன், கறி வைத்தேன், பேசவில்லை. ஷௌக்கத் முதலில் கெஞ்சினார், அப்புறம் எரிந்து விழுந்தார், அப்புறம் தன் தாயைத் தூதுவிட்டார். உம்மா சமையல்கட்டில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவன் செஞ்சது தப்புதான் மோளே. உங்கிட்ட கேட்டிருக்கணும். ஆனா வாக்கு வாயை விட்டுப் போயிடுச்சே. ஆம்பளை கொடுத்த வாக்கு. அதுவும் ஹாஜியார் வீட்டுக்கு. இப்ப இல்லேன்னா நம்ம முகத்துல துப்ப மாட்டாங்களா?"

"ஆம்பளை கொடுத்தா அவனோடதக் கொடுக்கணும் உம்மா."

"அதெல்லாம் பாத்தா குடும்பம் நடக்குமா? வாக்குன்னா வாக்கு."

அக்கம்பக்கத்திலும் அதுதான் நீதி. நஸீமாவும் அதைத்தான் சொன்னாள். கொடி வாங்க வந்த பிரேசில் பையன்கள்கூட, "வாக்கு கொடுத்தா என்ன செய்ய முடியும் இத்தா, பாவம் ஷௌக்கத்திக்கா" என்றார்கள். பாவம் ஷௌக்கத்திக்காவாம்! டிக்கெட் போனவளுக்கு ஒரு பாவம் சொல்ல ஊரில் ஒரு நாக்கு இல்லை. எனக்குச் சலித்துவிட்டது. கோபமும் ஓரளவுக்குத்தான் தாங்கும், அப்புறம் கால் வலிக்க ஆரம்பித்துவிடும்.

நாலு நாள் கழித்து, சாயங்காலம் மக்ரிப் தொழுதுவிட்டு வந்து ஷௌக்கத் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹாலில், அந்த மூன்று பெட்டிகளுக்கு நடுவில். உம்மா எதிரே தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார்.

"நௌஃபல் மறுபடி கூப்பிட்டான். டிக்கெட்ட அவன் பேருக்கு மாத்தி அனுப்பணுமாம். போனை எடு."

"மாத்துறேன்" என்றேன். "மாத்திட்டு நான் வரல. விமானத்துல என் சீட்டையும் யாருக்காவது வாக்குக் கொடுத்துடுங்க. இன்னும் ரெண்டு பெட்டி ஏத்தலாம்."

"இப்படிப் பேசாத சாஜி."

"வேற எப்படிப் பேசறது?"

போனை எடுத்தேன். மனசாரத்தான் எடுத்தேன், தொலையட்டும் என்றுதான் எடுத்தேன். டிக்கெட் இரண்டும் திரையில் வந்தன. மேலே என் பேர், கீழே அவர் பேர். என் பேரைத் தொட்டேன். இடம், வரிசை, வாசல் எல்லாம் காட்டியது, மாற்றுவதற்கு மட்டும் எங்கேயும் வழியில்லை. மறுபடி தொட்டேன். ஷௌக்கத் எட்டிப் பார்த்தார்.

"அங்க கீழ இருக்கே, அது என்ன?"

கீழே இருந்தது அவர் பேர். அதற்கு அடியில்தான் மாற்றிக் கொடுக்கிற பொத்தான். பக்கத்திலேயே எழுதியிருந்ததை நான் வாய்விட்டு வாசித்தேன். கேட்டு வாங்கியவருடைய டிக்கெட் அவருக்கு மட்டும்தான். அதை யாருக்கும் மாற்ற முடியாது. கூட அழைத்து வருகிற ஆளுடையதை வேண்டுமானால் வேறு ஆளுக்கு மாற்றலாம்.

"கூட வர்ற ஆளா? யாரு, நானா?" என்றார் ஷௌக்கத்.

"நீங்கதான். நீங்கதானே கேளு கேளு, கூட எம்பேரையும் சேத்துக்கன்னு சொன்னீங்க."

அவர் போனை என் கையிலிருந்து வாங்கித் தானே தொட்டுப் பார்த்தார். விரலால் குத்தினார். என் பேர் அசையவில்லை. அப்புறம் மூச்சு விட்டு, போனை என் மடியில் வைத்து, ரொம்ப லேசாக, நாளைக்குக் கல் லோடு வராது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"அப்ப முடியாதுன்னு சொல்லிடலாம். நௌஃபல் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டான்."

நான் அவரையே பார்த்தேன். எனக்குச் சலிப்பெல்லாம் போய்விட்டது.

"என்ன சொன்னீங்க?"

"அதான், மாத்த முடியலேன்னு..."

"மாத்த முடியுதே. பொத்தான் இருக்கே. வாக்கு என்ன ஆச்சு? விசா என்ன ஆச்சு? ஹாஜியார் வீட்டு ஆளுங்க முகத்துல துப்புவாங்களே, அது என்ன ஆச்சு? என் டிக்கெட்டா இருந்த வரைக்கும் மலை மாதிரி நின்ன வாக்கு, உங்க டிக்கெட்டுன்னதும் ஒரே நிமிஷத்துல கரைஞ்சு போச்சா?"

"அப்படியில்ல சாஜி..."

"அப்படித்தான்! அவன் கேட்டப்ப உங்க மனசுல உங்க டிக்கெட்ட கொடுக்கலாம்னு ஒரு தரமாவது தோணுச்சா? சொல்லுங்க. அல்லாஹ் மேல ஆணையா சொல்லுங்க."

அவர் தலையைத் திருப்பி உம்மாவைப் பார்த்தார். பிள்ளைக்கு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார் போல. உம்மாவின் விரல் மணியில் நின்றுவிட்டது.

"வாக்குன்னா வாக்கு ஷௌக்கத்தே" என்றார் உம்மா. "அவகிட்ட நான் அதைத்தான் சொன்னேன். உனக்கு வேறயா சொல்ல முடியும்?"

நௌஃபலின் பேரையும் நம்பரையும் நான் அடிக்க ஆரம்பித்தேன். ஷௌக்கத்துக்கு அப்போதுதான் விஷயம் முழுசாக விளங்கியது.

"நில்லு, நில்லு. அப்ப அவன் உன் பக்கத்துல உக்காருவானா? அந்நிய ஆம்பளை கூட நீயா? ஊரு என்ன பேசும்?"

"கூடப்பொறந்த தம்பி மாதிரின்னு சொன்னீங்களே. அன்னைக்கு தம்பி, இன்னைக்கு அந்நியனா? வேணும்னா அவனுக்குப் பதிலா அவன் பீவிய அனுப்பச் சொல்லுங்க. எனக்கு யாரு பக்கத்துல இருந்தா என்ன? நான் ஆட்டத்தைப் பாப்பேன்."

"அப்ப நான்?"

"நீங்க ரம்லாத்தா வீட்டுல. சுவரு நிறைய டிவி. மூக்கு முழியெல்லாம் தெரியுமாம்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் வந்தால் எனக்குப் பதில் தயாராக இருந்தது. அவருக்கு வந்தது பயம். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"விளையாடாத சாஜி. அது உனக்குப் பழக்கமில்லாத ஊரு. நெரிசல், பாஷை தெரியாது, ராத்திரி நேரம். நான் இல்லாம நீ தனியா எப்படிப் போவ, எப்படித் திரும்பி வருவ?"

நான் அவர் கையை எடுத்து அவர் மடியிலேயே வைத்தேன்.

"நீங்க இல்லாம இந்த ஊருல பதினாறு வருஷம் இருந்தேன். தனியா பெத்தேன், தனியா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், தனியா என் வாப்பாவ அடக்கம் பண்ண நின்னேன். தொண்ணூறு நிமிஷம் அந்த ஊருல இருந்துட்டு வர மாட்டேனா?"

பொத்தானை அழுத்தினேன். டிக்கெட் மாறியதைச் சொல்ல அவர் சட்டைப் பைக்குள் போன் ஒரு தரம் அதிர்ந்தது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை.